கார் இழுக்குதில்லையா? காபரேற்றரைக் கடைசியாகத் தொடுங்கள்

“அண்ணை, கார் இழுக்குதில்லை.” என் வளவுக்குள் வருகிற பழைய கார்களில் அநேகமானவை இந்தச் சொல்லோடுதான் வரும். அடுத்த சொல்லும் பெரும்பாலும் ஒன்றேதான்: “காபரேற்றரை ஒருக்காக் கழட்டிக் கழுவிப் பாப்பமோ?”

வேண்டாம். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற அந்தக் காபரேற்றரைக் கடைசியில் பார்ப்போம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இலங்கையின் வன்னியில் பெற்றோல் மருந்துக்குத்தான் கிடைத்தது. பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினுக்குக் காபரேற்றரை அடிக்கடி கழுவத்தான் வேண்டும், தீப்பொறி போடும் பிளக்கை அடிக்கடி சுரண்டத்தான் வேண்டும். அன்று அந்தக் கைவேலை எங்களைக் காப்பாற்றியது. ஆனால் இன்று செட்டில் 92 பெற்றோல் அடித்து ஓடுகிற காரிலும் முதல் கை காபரேற்றருக்கே போகிறது. உண்மையான கோளாறு வேறெங்கோ இருக்க, நன்றாக இருந்த காபரேற்றரும் கழற்றிக் கழற்றிக் கெட்டுப்போகிறது.

2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை தனியார் கார்கள் வராமல் இருந்ததால், விற்க நினைத்த பழைய கார்களைப் பலர் விற்காமல் வைத்துக்கொண்டார்கள். அவற்றில் சில இப்போது பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கின்றன. பொனற்றைத் திறந்தால் எது என்னவென்று தெரியாத அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரொயோற்றா டீஎக்ஸ் வாகன், நிசான் ட்ராட் சனி, காபரேற்றர் பூட்டிய மாருதி 800, மொறிஸ் மைனர் போன்றவை மனதில் இருக்கின்றன. கணினி பூட்டிய இன்ஜெக்சன் கார்களுக்குக் கீழே உள்ளதில் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

தொடங்குமுன்

பிளக் ஸ்பனர், இடைவெளி அளக்கும் பீலர் கேஜ், இரண்டு வயர் பூட்டிய 12 வோல்ற் சின்ன பல்ப், நல்ல வெளிச்சம், ஒரு கொப்பி. இவ்வளவும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கொம்பிறசன் கேஜ் வாங்கத் தேவையில்லை. தெரிந்த கராஜில் ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள். கழற்றும் ஸ்குரூ, நட்டுகளைப் போட நாலைந்து சிரட்டைகள் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு இடத்து நட்டுக்கும் ஒவ்வொரு சிரட்டை. நிலத்து மணலில் விழுந்த சின்ன ஸ்குரூவைத் தேடிப் பின்னேரம் முழுக்கப் போன நாட்கள் எனக்கு உண்டு.

கொப்பி ஏன் என்று கேட்பீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள், ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் பிளக்கையும் மாற்றி, பொயின்றையும் (தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் முனைகள்) திருப்பி, காபரேற்றர் ஸ்குரூவையும் முறுக்கினால், கார் திருந்தினாலும் எதனால் திருந்தியது என்று தெரியாது. மோசமானால் எதைப் பழையபடி வைப்பது என்றும் தெரியாது.

பாதுகாப்பை இலேசாக நினைக்காதீர்கள். சாரத்தோடு ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். பானும் பெல்ற்றும் துணியை இழுத்தால் கையையும் சேர்த்து இழுக்கும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெற்றோல் திறந்திருக்கும் இடத்தில் பீடி, சுருட்டு, அடுப்பு எதுவும் கூடாது. மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும். சூடான றேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள்.

முதலில்: பிழை எஞ்சினில்தானா?

கார் இழுக்கவில்லை என்றால் எஞ்சின் பலம் குறைந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். எஞ்சின் நன்றாகவே இருந்து, வேறொன்று காரைப் பிடித்து வைத்திருக்கலாம்.

சமதரையில் கியரை நியூற்றலில் போட்டு ஒருவர் தள்ளிப் பாருங்கள். பழைய சின்னக் கார் என்றால் ஒரு ஆள் தள்ள அசைய வேண்டும். அசையாவிட்டால் ரயர் காற்றைப் பாருங்கள், பிறகு பிறேக்கைப் பாருங்கள். மாரி வெள்ளத்துக்குள்ளால் ஓடிவிட்டுக் கிழமைக்கணக்காக நின்ற காரில் பிறேக் துருப்பிடித்து இறுகுவது இங்கே சாதாரணம். இதைப் பார்க்க நல்ல இடம் முறிகண்டி. ஏ9 வீதியில் போகிற யாரும் அங்குள்ள பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் நிறுத்தாமல் போவதில்லை. இறங்கித் தேங்காய் உடைக்கப் போகுமுன் நான்கு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றையும் விட அதிகமாகக் கொதித்தால், அந்தச் சில்லின் பிறேக் விடவில்லை.

கிளச்சுக்கும் ஒரு சோதனை உண்டு. ஆளில்லாத நேர் வீதியில் ரொப் கியரில் மெதுவாகப் போய் அக்சிலேற்றரைச் சட்டென்று மிதியுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளச் வழுக்குகிறது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஒருவர் அக்சிலேற்றரை அடிவரை மிதிக்க, மற்றவர் எயார் பில்டர் மூடியைக் கழற்றிக் காபரேற்றர் வாய்க்குள் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது இதைச் செய்யுங்கள். கீழே உள்ள தட்டு நிமிர்ந்து முழுதாகத் திறக்க வேண்டும். கேபிள் தளர்ந்தோ, காலடியில் போட்ட தடித்த றப்பர் விரிப்பு மிதியைத் தடுத்தோ, பாதிதான் திறக்கிற கார்களை நான் கண்டிருக்கிறேன். ஆறிய எஞ்சினை ஸ்ராட் செய்யக் காற்றைக் குறைக்கிற, மேலே உள்ள சோக் தட்டு, எஞ்சின் சூடானபின் முழுக்கத் திறந்து நிற்க வேண்டும்.

காற்று

வன்னிக் காரின் முதல் எதிரி தூசு. ஏ9 தார் வீதியாக இருந்தாலும், அதிலிருந்து உள்ளே திரும்பியதும் கிரவல் தொடங்கிவிடும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் முன்னால் ஒரு ரிப்பர் லொறி போனால், அந்தச் செம்புழுதி முழுவதையும் பின்னால் போகிற கார்தான் குடிக்கும். சூடு மிதிக்கும் காலத்தில் நெல்லுச் சப்பியும் சேரும். கொழும்பில் ஓடும் காருக்குச் சொன்ன பில்டர் கணக்கை இங்கே பார்க்க வேண்டாம். கோடையில் மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

கடதாசிப் பில்டரை நிலத்தில் மெல்லத் தட்டி, உள்ளிருந்து வெளியே காற்று அடியுங்கள். வெளியிலிருந்து உள்ளே அடித்தால் தூசு இன்னும் இறுகும். பெற்றோலில் கழுவக் கூடாது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் மடிப்புகளுக்கூடாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் புதிதாகப் போடுங்கள். பில்டர் இல்லாமல் மட்டும் ஓடாதீர்கள். அப்படி ஓடினால் கார் ஒரு கிழமைக்கு நன்றாக இழுப்பது போலத் தோன்றும், ஆனால் உள்ளே போன மணல் பிஸ்ரன் றிங்கையும் சிலிண்டரையும் தேய்த்துக்கொண்டிருக்கும்.

பல நாள் நின்ற கார் என்றால் பில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். சைலன்சர் குழாய் வாயையும் பாருங்கள். அங்கே குளவி மண்கூடு வைக்கும். எஞ்சின் ஓடும்போது குழாய் வாயிலிருந்து சற்றுத் தள்ளிக் கையைப் பிடித்தால், புகை தாராளமாக வந்து தட்ட வேண்டும்.

பிளக் சொல்லும் கதை

எனக்கு மிகப் பிடித்த வேலை இது. எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று திறக்காமலே பார்க்க உங்களுக்குள்ள ஜன்னல் பிளக்தான்.

நல்ல ஓட்டம் ஓடிவந்து, அதிக நேரம் ஸ்லோவில் (அக்சிலேற்றரை மிதிக்காமல்) ஓட விடாமல் நிறுத்துங்கள். ஆறியதும், கழற்றுமுன் பிளக் வயர்களில் 1, 2, 3, 4 என்று ரேப் ஒட்டி எழுதுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள மணலை ஊதித் தள்ளிய பின்தான் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். கழற்றியவற்றை ஒரு பழைய பேப்பரில் அதே ஒழுங்கில் அடுக்குங்கள்.

நுனி பிஸ்கற் நிறமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் சுகம். காய்ந்த கரி போலக் கறுத்திருந்தால் பெற்றோல் கூட, அல்லது காற்றுக் குறைவு. எயார் பில்டருக்கும் சோக்குக்கும் திரும்பிப் போங்கள். கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் எஞ்சின் ஒயில் மேலே ஏறுகிறது. வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு போல இருந்தால் பெற்றோல் போதாது, அல்லது எங்கோ ஓட்டையால் திருட்டுக் காற்று இழுக்கிறது. பெற்றோல் மணத்தோடு ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் தீப்பொறி விழவில்லை.

நான்கும் ஒரே நிறமா, ஒன்று மட்டும் வேறா என்பதுதான் முக்கியமான கேள்வி. நான்கும் கெட்டிருந்தால் பொதுவான ஒன்றைத் தேடுங்கள்: காற்று, பெற்றோல், ரைமிங் (தீப்பொறி விழும் நேரம்). ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அந்தச் சிலிண்டருக்குரியதைத் தேடுங்கள்: அதன் பிளக், அதன் வயர், அதன் வால்வு. நான்கு சிலிண்டருக்கும் பொதுவான காபரேற்றரைக் கழுவி ஒரு சிலிண்டரின் நோயைத் தீர்க்க முடியாது. நிறங்களைக் கொப்பியில் எழுதிவிட்டு, கம்பிப் பிரஷ்ஷால் துப்புரவாக்கி இடைவெளி பாருங்கள். டீஎக்ஸ் வாகனின் கே வகை எஞ்சினுக்கு 0.8 மில்லிமீற்றர், மொறிஸ் மைனருக்கு 0.025 அங்குலம்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரியாமல் எஞ்சின் குலுங்கினால் இப்படிச் செய்யுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஒரு வயரைக் கழற்றி, அதன் நுனியில் உதிரிப் பிளக் ஒன்றைச் செருகி, பிளக்கின் இரும்பு உடல் எஞ்சினின் இரும்பில் முட்டும்படி வைத்துக் கட்டி, ஸ்ராட் செய்யுங்கள். எஞ்சின் இன்னும் மோசமாகத் திணறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஓடும் எஞ்சினில் வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

வயர்களைத் திரும்பப் பூட்டும்போது ஒழுங்கு தவறாமல் இருக்க வேண்டும். டீஎக்ஸ் வாகனிலும் மொறிஸ் மைனரிலும் 1-3-4-2, மூன்று சிலிண்டர் மாருதி 800இல் 1-3-2.

தீப்பொறியும் நேரமும்

இரவில், வெளி லைற்றுகளை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டுப் பொனற்றைத் திறந்து பாருங்கள். வயர்களிலோ, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் மூடியிலோ நீலப்பொறி ஓடினால் அந்தப் பொருள் போய்விட்டது. எலி கடித்த வயர் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

மூடியைக் கழற்றி உள்ளே மயிர் போன்ற கறுப்புக் கோடு, வெடிப்பு, ஈரம் இருக்கிறதா பாருங்கள். மூடிக்குக் கீழே சுற்றும் றோட்டரைக் கையால் சற்றுத் திருகி விட்டால் தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே உள்ள எடைகள் இறுகிவிட்டன. வேகம் கூடக்கூடத் தீப்பொறியை முன்னால் தள்ள வேண்டியவை அவை. இறுகினால் எஞ்சின் ஸ்லோவில் அழகாக நிற்கும், ஏற்றத்தில் முக்கும். வன்னியில் மலை இல்லாததால் இந்தக் கோளாறு பல மாதம் தெரியாமலே இருக்கும். குளக்கட்டு ஏறும்போதோ, கார் நிறைய ஆள் ஏற்றும்போதோதான் தெரியவரும். டிஸ்ரிபியூற்றரிலிருந்து காபரேற்றருக்குப் போகும் வக்கியூம் குழாயைக் காபரேற்றர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். டிஸ்ரிபியூற்றருக்குள் தட்டு அசைய வேண்டும், நாக்கால் அடைத்துப் பிடித்தால் அசைந்த இடத்திலேயே நிற்க வேண்டும். திரும்பி வந்தால் உள்ளே உள்ள சவ்வு (டயபிறம்) கிழிந்திருக்கிறது.

பொயின்ற் உள்ள கார் என்றால் முகப்பைப் பாருங்கள். குழியும் மேடுமாக எரிந்திருந்தால் கொண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். இடைவெளி கே எஞ்சினுக்கு 0.45 மில்லிமீற்றர், மொறிஸ் மைனருக்கு 0.015 அங்குலம். பொயின்றைத் தொட்டால் ரைமிங் மாறும். ஆகவே பல்பை எடுத்து ஒரு வயரை, தீப்பொறிக்கு வோல்ற்றை உயர்த்தும் கொயிலிலிருந்து பொயின்றுக்கு வரும் முனையிலும் மற்றதை இரும்பிலும் பிடியுங்கள். இக்னிசனைப் போட்டு, எஞ்சினை ஓடும் திசையில் கையால் மெல்லத் திருப்புங்கள். பொயின்ற் திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். அந்தக் கணத்தில், எஞ்சின் முன்னால் பெல்ற் ஓடும் புலிச் சில்லிலுள்ள கோடு, உங்கள் காருக்குரிய பாகைக் குறிக்கு நேரே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டிஸ்ரிபியூற்றர் நட்டைத் தளர்த்திச் சிறிது திருப்புங்கள். திருப்புமுன் பழைய இடத்தை வெண்கட்டியால் அடையாளமிடுங்கள். வேலை முடிந்ததும் இக்னிசனை நிறுத்த மறந்தால் கொயில் சூடாகி எரிந்துவிடும்.

ஏற்றத்தில் அக்சிலேற்றரை மிதிக்க ‘கிளிங் கிளிங்’ என்று கண்ணாடிக் குண்டு தட்டுவது போலச் சத்தம் வந்தால் தீப்பொறி முந்துகிறது, அல்லது பெற்றோல் தரமில்லை. அதோடு ஓடினால் பிஸ்ரன் உடையும்.

பெற்றோல்

அக்கராயன் பக்கமிருந்து ஒருவர் டீஎக்ஸ் வாகன் ஒன்றைக் கொண்டுவந்தார். “அண்ணை, மூண்டு இடத்தில காட்டிப்போட்டன். எல்லாரும் காபரேற்றரைத்தான் கழுவினவை. எட்டுப் பத்துக் கிலோமீற்றர் நல்லா ஓடும். பிறகு மூச்சு வாங்கி நிண்டிடும். கொஞ்ச நேரம் விட்டால் திரும்பவும் ஓடும்.” ஏறிக்கொண்டு கூடப் போனேன். நின்ற இடத்தில் பொனற்றைத் திறக்கவில்லை. பெற்றோல் ராங்கின் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தது. உடனே ஸ்ராட் ஆகி ஓடியது. ராங்கின் காற்றுக் குழாய் வாயில் குளவி மண்ணடைத்திருந்தது. பெற்றோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வழியில்லாமல், பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. ஒரு சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்ததோடு வேலை முடிந்தது. அதற்குள் அவருடைய காபரேற்றர் ஸ்குரூக்களின் தலை தேய்ந்து, கஸ்கற் கிழிந்து, அதைச் சரிசெய்யத்தான் இன்னொரு நாள் தேவைப்பட்டது.

ஆகவே தூரம் ஓடித் திணறும் காருக்கு முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். பிறகு பெற்றோல் பில்டரை மாற்றுங்கள். அடுத்து பெற்றோல் பம்பு. கொயிலின் நடு வயரைக் கழற்றி இரும்பில் முட்டக் கட்டி, காபரேற்றருக்குப் போகும் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு, ஸ்ராட்டரை அடியுங்கள். ஆறிய எஞ்சினில் மட்டும் இதைச் செய்யுங்கள். பெற்றோல் துடித்துத் துடித்துப் பலமாக வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பம்பு டயபிறமோ ராங்கின் அடி வலையோ பிழை. அந்தப் போத்தலை மூடி இரவு முழுக்க நிழலில் வையுங்கள். தண்ணீர் இருந்தால் காலையில் அடியில் தனியாகத் தெரியும். ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விடுங்கள். நல்ல பெற்றோல் தடமில்லாமல் பறக்கும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்ப் பொட்டு நிற்கும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கானிலும் பரலிலும் சேர்த்து வைத்துப் பழகியவர்கள் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பல மாதம் கிடந்த பெற்றோல் பலமிழந்து, காபரேற்றருக்குள் பசை போலப் படியும்.

மதிய வெயிலில் மட்டும் நின்று, பின்னேரம் ஒழுங்காக ஓடினால் பெற்றோல் குழாயில் ஆவி அடைக்கிறது. நனைத்த சீலையைப் பம்பில் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். குழாய் சைலன்சர் பக்கம் ஒட்டிப் போனால் தள்ளிக் கட்டுங்கள்.

திருட்டுக் காற்று

ஸ்லோ ரேசிங் ஏறி இறங்கி, ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டால், காபரேற்றருக்குக் கீழேயுள்ள இணைப்பிலும் எல்லா றப்பர் குழாய்களிலும் சவர்க்காரத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். எஞ்சின் சத்தம் மாறும் இடம்தான் ஓட்டை. இங்குள்ள வெக்கையில் றப்பர் வெடிக்கும். பிறேக் பூஸ்ரருக்குப் போகும் தடித்த குழாயையும் விடாதீர்கள்.

கொம்பிறசன்

இவ்வளவும் சரியென்றால் கேஜை இரவல் வாங்குங்கள். எஞ்சினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்கையும் கழற்றி, கொயிலுக்கு வரும் மின்சார வயரை விடுவித்து, அக்சிலேற்றரை அடிவரை மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று அடியுங்கள். பற்றரி நிறைந்திருக்க வேண்டும். பழைய எஞ்சினில் 130 பி.எஸ்.ஐ.க்கு மேல் வந்தால் சந்தோஷப்படலாம். ஆனால் அளவை விட ஒற்றுமை முக்கியம். நான்கும் 120 என்றால் அது வயது. மூன்று 140, ஒன்று 90 என்றால் அது நோய்.

குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளவுங்கள். அளவு நன்றாக ஏறினால் றிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கஸ்கற். ஒயில் மூடியில் பால் போன்ற படிவும் றேடியேற்றரில் குமிழியும் இருக்கிறதா பாருங்கள். வால்வு என்று வந்தால் உடனே ஹெட்டைக் கழற்ற நினைக்காதீர்கள், இடைவெளி இறுகியிருக்கலாம். கே வகையைச் சேர்ந்த 4கே எஞ்சினில் சூடாக இருக்கும்போது உள்வால்வு 0.20, வெளிவால்வு 0.30 மில்லிமீற்றர். மொறிஸ் மைனரில் ஆறியபின் இரண்டும் 0.012 அங்குலம். அதைச் சரிசெய்து மறுபடி அளந்த பிறகே கராஜைப் பற்றி யோசியுங்கள்.

இப்போது காபரேற்றர்

இங்கே வந்து சேர்ந்தால் தயங்க வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, வாய்க்குள் பார்த்தபடி அக்சிலேற்றர் கம்பியைத் தட்டுங்கள். பெற்றோல் மெல்லிய கோடாகப் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் காபரேற்றருக்குள் உள்ள சின்னப் பம்பின் வாசர் போய்விட்டது. மிதித்தவுடன் ஒரு கணம் விழுந்து பிறகு ஓடும் கோளாறு அதுதான். கழற்றினால் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். பெற்றோல் வரும் சின்னத் துளையான ஜெற்றைக் கம்பியால் குத்தாதீர்கள், காற்றால் ஊதுங்கள். துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் கார் பெற்றோல் குடிக்கும். மிதவையைக் காதருகில் குலுக்குங்கள். உள்ளே பெற்றோல் சலசலத்தால் அது ஓட்டை.

ஸ்லோவில் பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவைத் திருத்தும் மிக்சர் ஸ்குரூவைத் தொடுமுன், மெல்ல உள்ளே முறுக்கி முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். பிறகு அதே எண்ணிக்கைக்குத் திருப்பி, எஞ்சினைச் சூடாக்கி, கால் சுற்று கால் சுற்றாக நகர்த்திச் சத்தம் உயர்ந்து சீராக நிற்கும் இடத்தில் விடுங்கள். அதன்பின் ஸ்லோ ஸ்குரூவால் வேகத்தைக் குறைத்து, முன்பு ஓட்டிப் பார்த்த அதே வீதியில், அதே குளக்கட்டில், அதே கியரில் ஏற்றிப் பாருங்கள்.

அப்போதும் இழுக்காவிட்டால் கராஜுக்குப் போங்கள். போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள். “கார் இழுக்குதில்லை” என்று சொல்லாமல், “மூண்டாவது சிலிண்டர் 90, ஒயில் விட்டும் ஏறேல்லை, வால்வு இடைவெளி சரி” என்று சொல்லுங்கள். கை எங்கே போக வேண்டும் என்று மெக்கானிக்குக்கு அது காட்டிவிடும்.